ஒண்ணும் ஏழும் மட்டும் சரி

மூன்று வருஷத்துக்கு முன்னால், திருவண்ணாமலையில் ஒரு தை மாதம். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எப்போதும் என் வண்டியைத்தான் கூப்பிடும். செயற்கைக்கோள் படங்களை வருஷ வரிசையில் வைத்து, மலையடிவாரத்தில் பச்சை கூடியிருக்கிறதா, கம்மியா என்று பார்ப்பது அந்தப் பொண்ணின் வேலை. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான்; மரமா, முள்ளா, குருவி வருகிறதா என்று கீழே போனால்தானே தெரியும்? தீர விசாரிப்பதே மெய் என்று சும்மாவா சொன்னார்கள்!

மலையைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் மரத்திலோ கல்லிலோ அடையாளமாகச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. கணக்கெடுக்கும் சமயம் பார்த்து அந்தப் பொண்ணுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. கூடவே திரிந்து மரம், பறவை பெயரெல்லாம் கற்றிருந்த நான் நோட்டை வாங்கிக்கொண்டேன். முதல் இடத்தை மட்டும் காட்டி, அங்கிருந்து வரிசையாக எழுதச் சொன்னது. புங்கன், ஆத்தி, உண்ணிச்செடி, கொண்டலாத்தி என்று நாலு நாள் ஒன்று விடாமல் எழுதினேன்.

மறுநாள் அறிக்கை அனுப்பியாக வேண்டும். நோட்டைப் படத்தோடு வைத்துப் பார்த்த பொண்ணின் முகம் வாடிப்போனது. படத்தில் கட்டாந்தரை இருக்கிற இடத்துக்கு நான் ஒரு தோப்பையே எழுதியிருந்தேன். பச்சையாக இருக்கிற இடத்தில் வெறும் பாறை.

"ஒண்ணும் ஏழும்தான் பாய் சரியா இருக்கு. மத்ததை எப்படி அனுப்புறது?"

ஒரு வருஷ உழைப்பு. குருவி தலையில் பனங்காயை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று என்னையே நொந்துகொண்டேன். ஆனால் அது திட்டவில்லை, நோட்டை மூடவும் இல்லை. எங்கே நின்றேன், என்ன பார்த்தேன் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே படத்தில் விரலை நகர்த்தியது. ஒண்ணு, ரெண்டு, மூணு... விரல் போன திசையைப் பார்த்தேன்.

"ஏம்மா, மலைய இடமாவா சுத்துவாங்க?"

அதற்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அதன் இரண்டாவது இடம், என் பன்னிரண்டாவது இடம்; ஆரம்பித்த ஒண்ணும் நேர் எதிரே இருக்கிற ஏழும் மட்டும்தான் எந்தப் பக்கமாக எண்ணினாலும் மாறாது. ஊர் வழக்கப்படி நான் வலமாகவே சுற்றி நம்பர் போட்டிருக்கிறேன்.

"தொழப் போற நீங்களுமா பாய்?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது.

"இந்த ஊர்ல என் ஆட்டோவுக்கே இடமா போக வராதும்மா."

நம்பரைத் திருப்பிப் போட்டோம். எல்லாம் பொருந்தியது. படத்தில் பச்சை கூடிய இடங்களில்தான் என் நோட்டில் மரமும் குருவியும் ஜாஸ்தி. மலை நிஜமாகவே துளிர்த்துக்கொண்டிருந்தது. சுளுக்கை மறந்து எழுந்து நின்ற அந்தப் பொண்ணு, "ஆ" என்று காலைப் பிடித்துக்கொண்டே சிரித்தது.

இப்போதெல்லாம் ஒருவர் சொல்வது எனக்குத் தப்பாகப் பட்டால், சண்டைக்குப் போகும் முன் இவர் எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாரோ என்றுதான் யோசிக்கிறேன்.