கரும்புக் குழிக்குச் சுண்ணாம்பு

பொம்மனஹள்ளியில் மாட்டுத் தீவனக் கிடங்கு, சொந்த லாரி, மகள் பேரில் மாவு மில், நானே கல் சுமந்து கட்டிய மாடி வீடு. நாலாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு இதெல்லாம் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். மூளையால் வந்தது. அது சிறு வயதிலேயே வேலை செய்தது என்பதற்கு ஜோகுபாளையத்தில் இருந்த எங்கள் மாட்டுக் கொட்டகைதான் சாட்சி. கொட்டகை இப்போது இல்லை. அதனால் நானே சொல்கிறேன்.

அப்பா மாடு வைத்துப் பால் ஊற்றினார். ஐம்பதுகளில் ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. வைக்கோல் கண்ணில் படவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு பால் பண்ணையில் கூலிக்கு இருந்தவர். அங்கே சோளத்தட்டையை நறுக்கிக் குழியில் மிதித்து, வெல்லப்பாகு தெளித்து, மண் போட்டு மூடிவைப்பார்களாம், மாதக்கணக்கில் கெடாதாம். வெல்ல ஆலை நின்றுபோனதால் விலைபோகாத கரும்பை வண்டியில் கொண்டுவந்து அதே மாதிரி குழி போட்டார். கரும்புக்கே பாகா என்று அம்மா கேட்டாள். பண்ணையில் அப்படித்தான் என்று தாராளமாக ஊற்றினார்.

குழியைத் திறந்தபோது சாராயக்கடை நெடி. ஒரு கூடை தின்ற செவலைப் பசு, சினை மாடு, கால் பின்னிச் சுவரோரம் சாய்ந்து படுத்துவிட்டது. அப்பா பொழுது சாயும்வரை அதன் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பசு எழுந்துகொண்டது. ஆனால் மிச்சக் கரும்பு வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் கெட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

அம்மாவின் ஊரில் பனையேறிகள் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

“சுண்ணாம்பு தடவுனா பதநீர் கள்ளாகறதில்லப்பா. குழிக்கும் போட்டா என்ன?”

மாமா சிரித்தார். “சும்னே இருடா. மாடு என்ன வெத்தலையா போடுது?”

அப்பா சிரிக்கவில்லை. சுண்ணாம்பை ஊறவைக்கச் சொன்னார்.

“சினை மாடு அத்தான். ஏதாவது ஆச்சுன்னா இவன் தலையிலதான்” என்றார் மாமா.

இந்தமுறை பாகு இல்லை. அடுக்குக்கு அடுக்கு சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்து மூடினோம். சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வெந்துபோவது எனக்குத் தெரியும். பசுவின் வயிற்றுக்குள் கன்று வெந்துபோவதாகவே நினைப்பு. தினமும் விடிந்ததும் மண்வெடிப்பில் மூக்கை வைத்து மோந்துவிட்டுத்தான் பல் விளக்குவேன்.

திறந்தார்கள். லேசான புளிப்பு, சாராய நெடி இல்லை. செவலைக்கு முதலில் கைப்பிடிதான் வைத்தார் அப்பா. அது தின்றுவிட்டு இன்னும் கேட்டது. நான் அதன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். தள்ளாடவில்லை. கோடை முடிவதற்குள் கன்றும் போட்டது.

தெருவே வந்து பார்த்தது. எல்லாம் தன் யோசனை என்று மாமா சொன்னார். அப்பா பால் கறக்கப் போய்விட்டார். மாமா எனக்கு ஒரு பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மாமா என்று நினைத்துக்கொண்டே தின்றேன். அந்த உருண்டையோடு என் பேரையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த வயதில் புரியவில்லை.

மாமாவின் பேரன்கள் தங்கள் கொட்டகையில் ‘தாத்தா கண்டுபிடித்த கரும்புத் தீவனம்’ என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். குழி அவருடையது, அதை நான் மறுக்கவில்லை. சுண்ணாம்பு என்னுடையது. போர்டில் கீழே இடம் இருக்கிறது, நானே போய்ப் பார்த்தேன். என் பேரையும் எழுதுங்கள்.