ஒரு நாள் பிந்திய சர்வர்

தீவு நகரமான ஆபியாவில் கணினி மக்கர் செய்தால் முதலில் நாலு தட்டுத் தட்டுவார்கள். பிறகு அணைத்துப் போடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் தூமேமாவைக் கூப்பிடுவார்கள்.

முப்பத்தைந்து வயது. ஃபுகாலேய் சந்தைக்குப் பின்னால் ஓர் இரும்புக்கடையின் மூலையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, தோளில் மாட்டும் பை. இவ்வளவுதான் அவளுடைய நிறுவனம். தொலைபேசிக் கம்பெனியின் கவுண்டரில் ரீசார்ஜ் விற்றுக்கொண்டிருந்தவள். வந்தவர்கள் எல்லாம் கைபேசியை நீட்டி "இது ஏம்மா இப்படிப் பண்ணுது?" என்று கேட்கக் கேட்க, பதில் தேடியே தொழிலைக் கற்றுக்கொண்டாள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் பல்லி முட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். பல்லிதான் தன் பெரிய எதிரி என்பாள். பல்லி இல்லாவிட்டால் தன் தொழிலில் பாதி போய்விடும் என்றும் சொல்வாள்.

அக்டோபரில் அவளை அழைத்தவர் ஏனோகா. மத்தாவுது துறைமுகத்தின் ஓரம் சரக்குக் கம்பெனி வைத்திருப்பவர், தேவாலயத்தில் போதகருக்கு உதவும் டீக்கன், மாடியில் குடியிருந்துகொண்டு கீழே அலுவலகம் நடத்துபவர். அதற்கு முந்தைய மாதம் அவருடைய சர்வர் சத்தம் போடாமல் வட்டு நிரம்பி நின்றுவிட்டது. சுங்கத் தாள்கள் போகவில்லை. ஒரு கண்டெய்னர் கோழிக்கறி துறைமுகத்திலேயே கிடந்து, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"சாகறதுக்கு முன்னாடி அது வாயைத் திறந்து சொல்லணும் தூமேமா. செத்த பிறகு அழுது என்ன பண்றது?" என்றார் ஏனோகா.

அதற்கு ஒரு வழி இருந்தது. கண்காணிப்பு நிரலை ஒரு தனிப் பெட்டியில் போட்டு வைத்தால், மற்ற எல்லாக் கணினிகளையும் அது விசாரித்துக்கொண்டே இருக்கும். வட்டு நிரம்புகிறதா, சூடு ஏறுகிறதா, விழித்திருக்கிறாயா? பதில் சொல்ல ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்று ஒரு குட்டி நிரலை உட்கார வைக்க வேண்டும். பதில் சரியாக வந்தால் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு. எந்தக் கணினி எந்தக் கிழமை எத்தனை மணி ஓடியது என்று கிழமைக் கட்டங்களில் பட்டை பட்டையாகக் காட்டி, வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் ஓர் அறிக்கை.

தூமேமாவின் சித்தி மகன் ஃபெத்து, பக்கத்துத் தீவில், பாகோ பாகோவில் இதே வேலை செய்பவன். தன்னிடம் எல்லாம் முடித்து வைத்திருந்த சர்வரை அப்படியே நகல் எடுத்து அனுப்பினான். "மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சு மண்டையை உடைச்சுக்காத. பாஸ்வேர்டை மட்டும் மாத்து, ஓடும்" என்றான். ஏனோகாவின் சாமான் அறையில் அதை ஏற்றியதும் தூமேமா வழக்கப்படி கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரில் பத்து இருபது. திரையின் மூலையிலும் பத்து இருபது. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனாள்.

பிறகு மேசை மேசையாக ஏஜென்ட் ஏற்றினாள். சர்வரின் முகவரியைக் கொடுத்து, ஒவ்வொரு கணினிக்கும் அதில் உட்காருபவரின் பெயரை வைத்து, ஃபயர்வாலில் அதற்கென்று ஒரு வாசலைத் திறந்துவிட்டாள்.

வரவேற்பு மேசையில் இருந்த மாலியாவுக்குச் சந்தேகம். "ஏ தூமேமா, நான் என்ன பாக்கறேன்னு இது அவர்கிட்டப் போட்டுக் குடுக்குமா?"

"நீ என்ன பாக்கறேன்னு அதுக்குத் தெரியாதுக்கா. மெஷின் முழிச்சிருக்கா, வேலை செய்யுதா, அவ்வளவுதான்."

"முழிச்சிருக்கறது தெரிஞ்சா, தூங்கறதும் தெரியுமே!"

"மெஷின் தூங்கறதுதான் தெரியும்க்கா. நீ தூங்கறது இல்ல."

"அப்பாடா" என்றாள் மாலியா.

அடுத்த மேசை அபேலுவுடையது. சுங்கத் தாள்கள் எழுதுபவர். ஏனோகாவின் தேவாலயத்திலேயே பாடகர் குழுவை நடத்துபவர். பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிற்றுக்கு அவர்கள் பாட வேண்டிய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை விட்டுக் கொடுத்தார். "நல்லா ஏத்தும்மா. மறைக்கறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?" என்றார்.

வெள்ளை ஞாயிறு வந்தது. பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வசனம் ஒப்பித்தார்கள். பெரியவர்கள் அவர்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டார்கள், சாப்பிட்ட இடத்திலேயே தூங்கினார்கள். திங்கள் அரசு விடுமுறை. செவ்வாய் காலை தூமேமா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மாலியாவின் போன் வந்தது.

"சீக்கிரம் வா. உன் மெஷின் அபேலு அண்ணனைக் கொன்னுடுச்சு."

அவள் போனபோது அலுவலகமே எழுந்து நின்றிருந்தது. அபேலு மட்டும் உட்கார்ந்திருந்தார். ஏனோகா அன்று காலை வந்த அறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"நீயே பாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து இருட்டற வரைக்கும் அபேலுவோட மெஷின் ஓடியிருக்கு. வெள்ளை ஞாயிறு அன்னிக்கு! பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்த ஆளு!"

அந்த அலுவலகத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'ஞாயிறு ஆண்டவருடையது.' ஞாயிறு அன்று விளக்கைப் போட்டதற்கே ஒருவனை வேலையை விட்டு அனுப்பியவர் ஏனோகா.

"நான் வந்தது திங்கக்கிழமை ஐயா" என்றார் அபேலு. "இன்னிக்குக் கப்பல் வருதே, தாளெல்லாம் தயாரா இருக்கட்டும்னு லீவு நாள்ல வந்து எழுதினேன்."

"யாரு பார்த்தா?"

"லீவு நாள்ல யாரு இருப்பா, பார்க்கறதுக்கு?"

"ஞாயிறு மத்தியானம் எங்க இருந்தே?"

"வீட்டுல தூங்கினேன். ஊரே தூங்கிச்சு. தூங்கறவனுக்கு யாரு சாட்சி?"

ஏனோகா தாளை மேசையில் போட்டார். "இந்த வாரத்தோட உன் வேலை முடிஞ்சுது. வர்ற ஞாயிறு கோயில்ல எழுந்து நின்னு சொல்லப் போறேன், நம்ம பாட்டுக்காரர் ஆண்டவர் நாளை எப்படிக் கொண்டாடினாருன்னு."

தூமேமா ஏற்றிய நிரல், அவள் வைத்த பெயர். அந்தத் தாளில் 'அபேலு' என்று அடித்ததே அவள் விரல்தான்.

அப்போது மாலியா தாளை எட்டிப் பார்த்து வெடித்தாள். "இது என்ன அநியாயம்? வெள்ளிக்கிழமை மத்தியானமே நான் மெஷினை அணைச்சுட்டுப் போயிட்டதா போட்டிருக்கு! சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இங்கதான குந்தியிருந்தேன்? அரை நாள் வேலை சனிக்கிழமைதான?"

"உன் கதையை அப்புறம் வச்சுக்க" என்றார் ஏனோகா.

தூமேமாவுக்கு ஏதோ உறுத்தியது. தாளை வாங்கி முதல் வரியைப் பார்த்தாள். அறிக்கை தயாரான நேரம்: திங்கள், காலை ஏழு.

இன்று செவ்வாய்.

பாகோ பாகோவும் ஆபியாவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரே மொழி, ஒரே மணி. இங்கே பத்து இருபது என்றால் அங்கேயும் பத்து இருபது. நடுவே சர்வதேசத் தேதிக்கோடு ஓடுவதால் கிழமை மட்டும்தான் வேறு. இங்கே செவ்வாய் என்றால் அங்கே இன்னும் திங்கள். பெரியம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல போன் பண்ணும் பிள்ளைகூட அதை மறக்காது. தூமேமா மறந்திருந்தாள். ஃபெத்துவின் சர்வர் ஃபெத்துவின் ஊர் நேரத்தோடு வந்திருந்தது. மணி ஒத்துப்போனதும் அவள் கிழமையைப் பார்க்கவே இல்லை.

"ஐயா, தப்பு என்னோடது. சர்வர் பாகோ பாகோ கணக்குல ஓடுது" என்றாள். "எல்லாத்தையும் முந்தின நாள்ல காட்டுது. இது ஞாயிறு இல்ல, திங்கள். அபேலு அண்ணன் சொல்றதுதான் சரி."

அபேலு கண்களை மூடிக்கொண்டார். மாலியா நெஞ்சில் கை வைத்தாள்.

ஏனோகா தன்னைத் திட்டுவார் என்று தூமேமா காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி, சரி. மெஷின் தப்பு, மனுஷன் என்ன பண்ணுவான்? அபேலு, போய் வேலையைப் பாருப்பா. தூமேமா, நீ இப்ப அதைத் தொடாத. ஓடறது அப்படியே ஓடட்டும். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

இவ்வளவு சுலபமாகவா? தூமேமா அவரையே பார்த்தாள். நெற்றியில் வியர்வை.

"இல்ல ஐயா" என்றார் அபேலு. அன்று முதல் முறையாக எழுந்து நின்றார். "அந்தத் திரையில என் பேருக்கு நேரா ஞாயிறுன்னு இருக்கு. எல்லாரும் பார்த்தாங்க. அதை மாத்தினதையும் எல்லாரும் பார்க்கணும்."

"சொன்னா கேளு. வேணாம்."

"ஒரே சொடுக்குதான் ஐயா" என்றாள் தூமேமா. மாலியாவின் மேசையில் உட்கார்ந்து சர்வரின் பக்கத்தைத் திறந்து, ஊர்ப் பட்டியலில் பாகோ பாகோவை எடுத்துவிட்டு ஆபியாவை வைத்தாள்.

திரை ஒருமுறை வெளுத்துத் திரும்பி வந்தது. எல்லாப் பட்டைகளும் ஒரு கட்டம் நகர்ந்திருந்தன. மாலியாவின் அரை நாள் சனிக்குப் போனது. அபேலுவின் நீளமான பட்டை திங்களுக்குப் போனது. சனிக்கட்டத்தில் இதுவரை யாரும் கவனிக்காமல் கிடந்த ஒற்றைப் பட்டை ஒன்று, பகல் மூன்றிலிருந்து ஐந்தரை வரை, இப்போது ஞாயிறில் வந்து நின்றது.

பக்கத்தில் பெயர்: ஏனோகா.

வெளியே துறைமுகத்தில் கிரேன் சத்தம் மட்டும் கேட்டது.

"அது..." என்றார் ஏனோகா. "பாகோ பாகோவில ஒருத்தருக்கு விலை அனுப்ப வேண்டியிருந்தது. அவங்களுக்கு அன்னிக்குச் சனிக்கிழமைதான். அவங்க கடை திறந்திருக்கும்."

"அவங்களுக்குச் சனி. சரி" என்றாள் மாலியா. "நீங்க அந்த நேரத்துல எந்த ஊர்ல ஐயா உட்கார்ந்திருந்தீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. தூமேமாவுக்கு அதைவிடப் பெரிய இடி அடுத்த நொடியில்தான் இறங்கியது. ஞாயிறு வேலை செய்தது ஏனோகாவுக்குத் தெரியும். அந்த வேலை தாளில் சனி என்று விழுந்திருந்ததையும் காலையிலேயே பார்த்திருப்பார். அப்படியென்றால் இந்தத் தாள் ஒரு நாள் பொய் சொல்கிறது என்று முதலில் அறிந்தவர் அவர்தான். தெரிந்தே அதை அபேலுவின் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார்.

"காலையிலேயே உங்களுக்குத் தெரியும்" என்றாள். அவளை மீறி வாயிலிருந்து வந்துவிட்டது.

ஏனோகா பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பெரிய உடம்பு. ஒரே நிமிடத்தில் சட்டை அவருக்குத் தொளதொளத்துப் போனது போல் இருந்தது.

"நான் செஞ்ச தப்பு சனிக்குப் போயிடுச்சுன்னு... அது ஆண்டவர் செஞ்ச உபகாரம்னு நினைச்சுட்டேன்" என்றார் கடைசியில். "உன் பேரைப் பார்த்ததும், என்னை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு தோணிச்சு அபேலு."

அபேலு தன் கணினியை இயக்கினார். கப்பல் வரும் நேரமாகியிருந்தது.

"ஞாயிறு கோயில்ல எழுந்து நின்னு சொல்லப் போறதா சொன்னீங்களே ஐயா, அதைச் சொல்லுங்க. பேரை மட்டும் மாத்திக்கங்க."

தூமேமாவின் தேவாலயம் வேறு. அந்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சாய்ந்திருந்தபோது மாலியாவின் அழைப்பு வந்தது. "சொல்லிட்டார்" என்றாள் மாலியா. "அவரே எழுந்து, தன் பேரைச் சொல்லி ஒத்துக்கிட்டார். அபேலு அண்ணன் பாட்டை ஆரம்பிக்க வேண்டிய இடம். ரொம்ப நேரம் ஆரம்பிக்கவே இல்ல. கோயிலே அப்படியே உறைஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஆரம்பிச்சார்."

தூமேமா இப்போதும் அதே நிரலைத்தான் ஊர் முழுக்க ஏற்றுகிறாள். இப்போதெல்லாம் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் பல்லி முட்டையைத் தேடுவதற்கு முன்னால், "இன்னிக்கு என்ன கிழமை?" என்று உரக்கக் கேட்கிறாள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். யாராவது பதில் சொல்லும்வரை அவள் பையைக் கீழே வைப்பதில்லை.