இரண்டு ரப்பர் பேண்டும் ஒரு மணல் வாளியும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு இது நடந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த நிமிடத்தில் நான் சாகப்போகிறேன் என்று உறுதியாக நம்பினேன். அப்படிப்பட்ட வேளையில் மனிதன் வாழ்க்கையின் பொருளைப் பற்றி யோசிப்பான் என்று பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் ஒரு பெட்ரோல் சேமிப்புக் கிடங்கில் எனக்கு வேலை. பெரிய தொட்டிகளில் பெட்ரோலும் டீசலும் நிற்கும். டேங்கர் லாரிகள் வந்து நிரப்பிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். என் பொறுப்பு பாதுகாப்பு. தினமும் காலையில் டிரைவர்களை வரிசையாக நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசுவேன். பீடி, தீப்பெட்டி, லைட்டர், போன், பவர் பேங்க், எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. கம்பத்தில் பறக்கிற துணிக்குழாயைப் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அது சொல்லும். ஏதாவது நடந்தால் காற்று வருகிற பக்கமாகப் போங்கள். காற்று போகிற பக்கம் போனால் பெட்ரோல் ஆவியும் கூடவே வரும். முக்கியமாக, ஓடாதீர்கள். ஒருவர் ஓடினால் எல்லாரும் ஓடுவார்கள்.

இதைப் பதினோரு வருடமாகச் சொல்லிவந்தேன். டிரைவர்கள் வானத்தையும் தங்கள் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்பார்கள். நடுவில் ஒரு கொட்டாவி ஒரு முனையில் கிளம்பி மறுமுனைவரை போய்த் திரும்பும். ஒருவர்கூடக் கேட்பதில்லை என்பது என் தீர்மானமான முடிவாக இருந்தது.

அந்த வருடம் என் பிறந்தநாளுக்கு மகள் வயர் இல்லாத இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்தாள். எழுத்து பொடிப்பொடியாகத் தெரிய ஆரம்பித்ததிலிருந்து புத்தகங்களை நான் காதால் படிக்கிறேன். காலடிப்பேட்டையிலிருந்து வேலைக்குப் போகிற பஸ் பயணத்தில் பாதி நேரம் பழைய இயர்போனின் சிக்கெடுப்பதிலேயே போய்விடும். அதற்காக இந்தப் பரிசு. சின்னச் சோப்புப் பெட்டி மாதிரி ஒரு டப்பா, அதற்குள் இரண்டு பட்ஸ். டப்பாவுக்கு நாம் சார்ஜ் போட்டால் பட்ஸுக்கு அது போட்டுவிடும்.

கூடவே மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தையும் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிற ஆள் நான். அந்தத் தாளை மட்டும் படிக்கவில்லை. மகள் படித்துவிட்டுச் சொன்னாள்.

"ப்பா, நைட்டு ஃபுல்லா சொருகியே வுட்றாத. ரொம்ப நாளைக்கு வரணும்னா எண்பது பர்சென்ட் வந்தா கழட்டிடு. முழுசா தீந்துபோறவரிக்கும் வுடாத. வெயில்ல வெக்காத. வேர்வையோட உள்ள போடாத, தொட்ச்சிட்டுப் போடு. என் லேப்டாப் சார்ஜர்ல மட்டும் போடாத. கேக்கிறியா நீ?"

"கேக்கறேம்மா" என்றேன். அப்போது என் காதில் ஏதோ ஒரு நாவலின் மூன்றாவது அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் செய்யாதே என்று சொன்ன அத்தனையையும் வரிசை தவறாமல் செய்தேன். லேப்டாப் சார்ஜரில் சீக்கிரம் ஏறுகிறது என்பதால் அதிலேயே போட்டேன். படுக்கும்போது சொருகினால் விடிந்துதான் கழற்றுவேன். பட்டன் போன் காலத்தில் யாரோ சொன்ன விதியை நம்பி, வாரம் ஒருமுறை சுத்தமாகத் தீரவிட்டு ஏற்றினேன். வேலைக்கு வந்தால் போனையும் டப்பாவையும் வாசலில் ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கவேண்டும். அங்கே தகரக் கூரைக்குக் கீழே தகரப் பெட்டி. காலையிலிருந்து சாயங்காலம்வரை டப்பா அதற்குள் இட்லி மாதிரி வெந்தது.

மூன்று மாதத்தில் இடது பட் மக்கர் செய்தது. எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே தாக்குப்பிடிக்காது. என் காது வியர்வையும் சேர்ந்து டப்பாவுக்குள் இருந்த சின்னச் சின்ன உலோகப் புள்ளிகளில் பச்சை பூத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன். அது போதாதென்று பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து மூடிக்குள் வைத்து, பட் அசையாமல் அழுத்தும்படி, சாம்பார் பார்சலில் வந்த ரப்பர் பேண்டைச் சுற்றினேன். சார்ஜ் ஏறியது. ஒரு விஞ்ஞானிக்கு இருக்கவேண்டிய அடக்கத்தோடு அதைப் பெருமையாகப் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் மூடி சரியாக மூடவில்லை. டப்பா லேசாகத் தொப்பை போட்டிருந்தது. எனக்கும் நடுவயதில்தான் போட்டது என்பதால் அதில் தவறாக எதுவும் தோன்றவில்லை. இரண்டாவது ரப்பர் பேண்டைப் போட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சார்ஜ் சுத்தமாக இல்லை. கிடங்குக்கு எதிரே உள்ள டீக்கடையில் டிரைவர்களுக்காக ஒரு நீளமான பிளக் பலகை மாட்டியிருக்கும். யாரோ விட்டுப்போன பெரிய சார்ஜரில் என் டப்பாவைச் சொருகிவிட்டு டீ குடித்தேன். நேரமாகிவிட்டது. பிடுங்கி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினேன். வாசலில் போனைக் கொடுத்தேன், டோக்கன் வாங்கினேன். எல்லாரையும் தடவிச் சோதிக்கிற செக்யூரிட்டி என்னைச் சோதிக்கவில்லை. சோதனை எப்படிச் செய்வது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். என் பாக்கெட்டில் கைவிடுவது மரியாதை இல்லை என்று அவர் நினைத்திருக்கவேண்டும். வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன்.

டப்பா என்னோடு உள்ளே வந்துவிட்டது.

வழக்கம்போல் பேசினேன். வரிசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு டிரைவர் நின்றார். காசிமேட்டுக்காரர். அதற்கு முந்தைய வாரம்தான் அவருடைய சோற்றுப் பையில் பவர் பேங்க் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். "வூட்டுக்காரி டப்பாக்குள்ள வெச்சிட்டா சார், எனுக்கே தெரியாது" என்றார். தெரியாது என்பது காரணம் ஆகாது என்றேன். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போய் விதிமீறல் நோட்டிலும் எழுதிவைத்தேன். லோடு எடுக்கும் முறை பறிபோய், அன்று முழுக்க லாரியோடு ரோட்டில் வெயிலில் கிடந்தார்.

பதினோரு மணிக்கு அதே ஆளின் லாரியில் பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்தது. பக்கத்து லாரியின் மேல்மூடியைப் பார்க்க ஏணியில் ஏறினேன். ஏறும்போது தொடை கம்பியில் நங்கென்று இடித்தது. கீழே இறங்கி நின்றால் வலது தொடையில் இளஞ்சூடு.

ஐம்பதைத் தாண்டியவனுக்கு உடம்பில் எங்கே சூடு தெரிந்தாலும் முதலில் வியாதிதான் நினைவுக்கு வரும். நரம்பாக இருக்குமோ, சர்க்கரையாக இருக்குமோ என்று யோசித்தேன். சூடு கூடியது. பாக்கெட்டைத் தொட்டேன். ரப்பர் பேண்ட் விரலில் பட்டது.

அந்தக் கணத்தை எழுதுவது கடினம். அலுவலகச் சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து. மூன்றடி தூரத்தில் பெட்ரோல் சலசலவென்று விழுகிற சத்தம். அதுவரை பதினோரு வருடமாக அது எனக்குக் கேட்டதே இல்லை. டப்பாவை வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் உப்பி, மூடி வாயைப் பிளந்து, அதிலிருந்து நகப்பூச்சு மாதிரி ஓர் இனிப்பு வாடை வந்தது. தூக்கி எறியலாம் என்றால் எந்தப் பக்கம் எறிவது? சுற்றிலும் லாரி. உள்ளங்கை சுட்டது. வாசல் இருக்கிற மேற்குப் பக்கம் திரும்பி ஓடக் காலை எடுத்தேன்.

"சார். இன்னா கையில?"

அந்த டிரைவர். ஒரு வார்த்தையில் சொல்ல முயன்றேன். "பேட்டரி" என்று காற்று மட்டும் வந்தது.

அவர் முகம் மாறியது. ஆனால் பதறவில்லை. கையை உயர்த்தி வால்வில் இருந்த ஆளுக்கு நிறுத்து என்று சைகை காட்டினார். பெட்ரோல் சத்தம் நின்றது. தூணில் மாட்டியிருந்த சிவப்பு மணல் வாளியை எடுத்து என் முன்னால் நீட்டினார். டப்பாவைப் போட்டேன். அடுத்த வாளி மணலையும் அதன் தலையில் கொட்டி, மொத்தமாக மூடினார்.

"அந்தாண்ட போவாத சார். காத்து அந்தாண்டதான் போவுது, மேல பாரு."

பார்த்தேன். காலையில் நான் பேசியபோது கடலைப் பார்த்து நீண்டிருந்த துணிக்குழாய், இப்போது கடல் காற்று கிளம்பி, வாசல் பக்கம் திரும்பியிருந்தது. நான் போக இருந்த வழியில் இன்னும் நாலு லாரிகள் மூடி திறந்து நின்றன.

"கெயக்கால செவுத்தாண்ட போலாம். ஓடாத. நீ ஓடுனா அல்லாரும் ஓடுவானுங்கோ. நீதான சார் டெய்லி சொல்ற."

வாளியின் பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். கிழக்குச் சுவர் வரை இருநூறு அடி இருக்கும். கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறவர்கள்கூட அத்தனை பக்தியோடு நடந்திருக்கமாட்டார்கள். வாளியின் அடிப்பக்கம் சுடுகிறதா என்று பார்க்கக்கூடப் பயம். மகள் முகம் வந்தது. "கேக்கிறியா நீ?" என்று அவள் கேட்டது, இப்போதுதான் காதில் விழுந்தது. எதிரே வந்த ஒருவர் "இன்னா மாமு, மண்ணு எங்க போவுது?" என்று கேட்க, "சாரு வூடு கட்றாரு" என்றார் டிரைவர், நடையை நிறுத்தாமல்.

சுவரோரக் காலி இடத்தில் வாளியை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றோம். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு மணலுக்குள் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். மணலைப் பிளந்துகொண்டு வெள்ளையாக, தடியாகப் புகை வந்தது. அப்புறம் அடங்கியது.

டிரைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னாத்துல சார் பாட்டு கேட்டுகினு இருந்த, குண்டுலயா?"

"பாட்டு இல்லண்ணே. கதை."

"முடிஞ்சிருக்கும் கதை."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் குந்தினார். "நா ஒண்ணும் பாக்கல சார். நீ ஒண்ணும் கொண்டாரல. வாளில தண்ணி பூந்துச்சு, மண்ணு மாத்த வந்தோம், அவ்ளோதான்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிடம் அதை ஏற்றுக்கொண்டேன். விஷயம் வெளியே போனால் என் வேலை போகும். மகளின் கல்யாணப் பேச்சு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர் எழுந்து வேட்டியை உதறி மடித்துக் கட்டினார். "என் சோத்து டப்பாவ மட்டும் உன் கண்ணு பாத்துடுச்சு, இன்னா சார்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பதிலுக்குக் காத்திராமல் லாரியை நோக்கி நடந்தார்.

அலுவலகத்துக்குப் போய் நோட்டை எடுத்தேன். அவருடைய பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். என்ன பொருள், எங்கே, எத்தனை மணிக்கு. காரணம் என்ற கட்டத்தில், "பாக்கெட்டில் இருந்தது தெரியாது. தெரியாது என்பது காரணம் ஆகாது" என்று எழுதி, மேனேஜரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் இரண்டு தரம் படித்தார். "இயர்பட்ஸா? இந்த வயசுலயா?" என்றார். அன்று நான் வாங்கிய அடிகளில் அதுதான் நன்றாக வலித்தது.

வேலை போகவில்லை. ஏழு நாள் உள்ளே வரக் கூடாது என்றார்கள். திரும்பி வந்த பிறகு ஒரு மாதம் டிரைவர்களோடு வரிசையில் நின்று அதே பேச்சை வேறொருவர் பேசக் கேட்கவேண்டும். கேட்டேன். மூன்றாம் நாள் என்னையறியாமல் கொட்டாவி வந்தது. பக்கத்தில் நின்ற காசிமேட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். செக்யூரிட்டி இப்போது என்னைச் சோதிக்கிறார், மிகுந்த ஆர்வத்தோடு.

வீட்டில் சொன்னபோது மகள் திட்டவில்லை. உள்ளே போய் அந்தத் தாளைத் தேடி எடுத்துவந்து என் கையில் கொடுத்து, "சத்தமா படி" என்றாள். படித்தேன். உப்பிய பேட்டரியை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது, சர்வீஸ் கடையில் ஒப்படைக்கவேண்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. ரப்பர் பேண்டைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்படியும் ஒருவன் இருப்பான் என்று எழுதினவர்களுக்குத் தோன்றியிருக்காது.

இப்போது அவளுடைய பழைய இயர்பட்ஸ் என்னிடம் இருக்கிறது. காதிலிருந்து எடுத்ததும் துடைத்துத்தான் உள்ளே வைக்கிறேன். உலோகப் புள்ளிகளை வாரம் ஒருமுறை உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுக்கிறேன். சின்ன சார்ஜரில், நான் விழித்திருக்கும்போது, கண்முன்னே வைத்துத்தான் சார்ஜ். வேலைக்கு அதைக் கொண்டுபோவதில்லை. பஸ்ஸில் பழைய வயரைச் சிக்கெடுத்துக்கொண்டு போகிறேன், அது ஒரு பிரார்த்தனை மாதிரி பழகிவிட்டது.

காலைப் பேச்சு மறுபடி என்னிடம் வந்திருக்கிறது. டிரைவர்கள் இன்றும் வானத்தையும் செருப்பையும்தான் பார்க்கிறார்கள். இப்போது அது என்னைத் தொந்தரவு செய்வதில்லை. நான் பேசியதை ஒருவர் கேட்டிருந்ததால்தான் இதை எழுத இன்று உயிரோடு இருக்கிறேன். வீட்டில் ஒருத்தி பேசியதை நான் கேட்டிருந்தால் எழுதுவதற்கே எதுவும் இருந்திருக்காது.