இரட்டைக்குழல் துவக்கும் வசந்தாவின் நித்திரையும்

பழைய துவக்கைத் திருத்தும் வேலையில் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். துவக்கு, துப்பாக்கி என்றதும் எங்கள் சனம் முதலில் குரலைத் தாழ்த்தும், பிறகு வாசலைப் பார்க்கும், அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்கும். ஓய்வு கிடைத்தும் ஓய்ந்திருக்கத் தெரியாமல், எதையாவது கழற்றிப் பூட்டினால்தான் பொழுது போகும் என்று வீட்டுக்குள் சுற்றித் திரிகிறவர் யாரும் இதை வாசித்தால், அவருக்கு என் அனுதாபங்கள்.

கனடாவுக்கு வந்து மிசிசாகாவில் நான் லேத் மெஷின் ஓட்டிய தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். விட்பி வீட்டில் கதவுப் பிணைச்சல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஷ்வாஷரைக் கழற்றிப் பூட்டினேன், அது நின்றுபோனது. அப்படி இருப்புக்கொள்ளாமல் திரிந்த நாட்களில்தான், இரண்டு குழல் பக்கத்துப் பக்கத்தில் உள்ள பழைய வேட்டைத் துவக்கைப் புதிதாக்குகிற வீடியோ ஒன்றைப் பார்த்துத் தொலைத்தேன்.

கையெழுத்து

துவக்கு வாங்க லைசென்ஸ் வேண்டும். வகுப்புக்குப் போய்ச் சோதனையும் எழுதிப் பாஸ் பண்ணினேன். கடைசியில் விண்ணப்பத்தில் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டுமாம். வசந்தா பேனையைக் கையில் எடுத்தாள், மூடினாள், திரும்பவும் எடுத்தாள். அவள் கிளிநொச்சிப் பக்கம் வளர்ந்தவள். அந்த நாட்களில் எந்தப் பக்கத்தார் வந்து கதவைத் தட்டினாலும் தோளில் துவக்கு இருந்தது. அவளுடைய அண்ணன் ஒருவர் அப்படித் தட்டிய கதவால் போனவர்தான், திரும்பி வரவில்லை.

இது சுடுகிறதற்கில்லை, சும்மா திருத்திப் பார்க்க, ஒரு தோட்டாகூட வீட்டுக்கு வராது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஒருநாள் நித்திரை குழம்பினாலும், அது பிறகு இந்த வீட்டிலை இருக்கப்படாது."

விற்றவர்

மேற்கே இரண்டு மணி நேரம் கார் ஓடிப்போனால் ஒரு பண்ணை. விற்கிறவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். துவக்கு அவருடைய தகப்பனாருடையது, இங்கிலாந்தில் செய்தது. கைப்பிடிக் கட்டை வெடித்து, அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. குழல் முழுக்கச் செந்துரு. எனக்கு அதை உடனே கழற்ற வேண்டும் போல விரல் துடித்தது. அவரோ கோப்பி ஊற்றி, வாத்துகளைப் பற்றியும் செத்துப்போன நாயைப் பற்றியும் ஆற அமரச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதிரையின் நுனியில் இருந்தபடி தலையாட்டினேன்.

எந்தக் காட்டில் வேட்டையாடுவாய் என்று கேட்டார். வேட்டையாட மாட்டேன், எனக்குச் சுடவும் தெரியாது என்றேன். என் லைசென்ஸை இரண்டு பக்கமும் பார்த்து, ஆக வேண்டிய பதிவுகளை எல்லாம் முடித்தார். துவக்கை என் கையில் தரும்போது இப்படிச் சொன்னார்: "சுடாத ஒருத்தனுக்குக் கொடு என்று என் மனைவி சாகும்போது சொன்னாள். ஆள் கிடைக்க இவ்வளவு காலம் ஆயிற்று."

மட்டன் ரோல்

என்னோடு லேத்தில் நின்ற ஜெகன்தான் துணைக்கு வந்தவன். வீடு அஜின்கோர்ட்டில். அவனை இறக்கிவிடப் போன இடத்தில், பக்கத்துத் தமிழ்க் கடையில் ரோல் தின்னாமல் போனால் கோபிப்பேன் என்றான். துவக்கு பூட்டோடு காரின் டிக்கியில் இருந்தது. சட்டப்படி எல்லாம் சரிதான். ஆனால் என் மனம் சட்டம் படிக்கவில்லையே. கடைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்று, ஒரு கடி கடிப்பதும் காரை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. காருக்குப் பக்கத்தில் யாரோ வண்டியை நிறுத்தியபோது பாதி ரோலைத் தட்டில் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டேன்.

ஜெகன் அந்தப் பாதியையும் தானே சாப்பிட்டு முடித்துக்கொண்டு வந்தான். "மச்சான், உன்ரை மகள் முதல்முதலாத் தனியக் கார் எடுத்துக்கொண்டு போன அண்டைக்கும் நீ இப்பிடிப் பாக்கேல்லை."

கராஜுக்குள் ஆவி

பழைய குழலுக்கு நீலக் கறுப்பு ஏற்றுவது பொறுமைசாலிகளின் வேலை. செந்துருவை எடுத்து, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவி, மருந்து பூசி வேண்டுமென்றே மெல்லிய துரு பிடிக்கவிட வேண்டும். பிறகு கொதிதண்ணீரில் அவித்தால் அந்தத் துரு கறுக்கும். கம்பிப் பஞ்சால் தேய்த்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து. ஒருமுறை அவசரப்பட்டு, கையைக் கழுவாமல் பிடித்தேன். என் விரல் ஐந்தும் குழலில் பதிந்து, பட்ட பாடு அவ்வளவும் வீணாகிப்போனது.

அவிக்க நீளமான பாத்திரம் வேண்டும். பூச்செடி வைக்கிற தகரத் தொட்டி ஒன்றை வாங்கி, காஸ் அடுப்பில் ஏற்றி, கராஜ் கதவைத் திறந்துவைத்தேன். ஆவி தெருவுக்குப் போனது. ஆவியைக் கண்டு நாலு வீடு தள்ளியிருக்கும் றஞ்சி அன்ரி வந்துவிட்டார். துவக்கு என்று அவரிடம் சொன்னால் பொழுதுபடுவதற்குள் விட்பி முழுவதும் தெரிந்துவிடும். கார்ச் சாமான் அவிக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, மனம் நொந்து திரும்பிப் போனார்: "கூழ் காய்ச்சிறதெண்டால் சொல்லியிருக்கலாம் தம்பி, நானும் ஒரு சட்டியோடை வந்திருப்பன்."

டக்

குழலை மடித்து மூடும்போது அடியிரும்போடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க விளக்குக் கரி பூசி, மூடி, திறந்து, கரி எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் அதைத்தான் செய்தேன். பொருத்தம் அருமையாக வந்திருந்தது. மூடும்போது 'டக்' என்று ஒரு சுத்தமான சத்தம். அந்தச் சந்தோஷத்தில் திரும்பத் திரும்ப மூடினேன்.

கராஜுக்கு மேலேதான் எங்கள் படுக்கையறை. வசந்தா மத்தியான நித்திரையில் இருந்தாள் என்பது எனக்கு மறந்தே போனது. கதவு திறந்தது. இத்தனை மாதத்தில் அவள் கராஜ் வாசலுக்கு வந்தது அதுதான் முதல்தடவை. முகத்தில் இரத்தம் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. இந்தக் கிழட்டு இரும்புக்காக இவளை எந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். பேச்சுப் பேச்சுத்தான், இப்போதே துவக்குக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று பெட்டியை இழுத்தேன். அவள் மேசையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துச் சொன்னாள்: "உப்பிடி அரைகுறையாக் கொண்டுபோகாதேங்கோ. முடிச்சுப்போட்டுக் கொண்டுபோங்கோ."

ஆயுத பூசை

வேலை முடிந்தபோது நவராத்திரி வந்துவிட்டது. மறுநாள் துவக்குக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. எனக்கு ஒரு இடத்தில் இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பூசைக்கு என் ஸ்பானர்களையும் அளவுகோல்களையும் சாமி அறையில் அடுக்கினேன். "நாளைக்குப் போற சாமான்தானே, அதையும் வையுங்கோ" என்றாள் வசந்தா. விசைப் பூட்டைச் சரிபார்த்துவிட்டு வைத்தேன். பிறகு பூ வாங்கக் கடைக்குப் போனேன். அதுதான் வினை.

பூசை நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாள் காலையில் சந்தனத்தைத் துடைத்தால், குழலின் நடுவே வட்டமாக ஒரு செந்துருப் புள்ளி. நான் பூசிவைத்த காவல் எண்ணெயை அவள் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மஞ்சள் தண்ணீரும் தெளித்துப் பொட்டு வைத்திருக்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கோடு சாமிக்கு முன்னால் ஒன்றையும் வைக்கக் கூடாதாம். வாயில் வந்ததைச் சொல்லத் திரும்பினேன். பிறகுதான் விளங்கியது, கழுவுகிறதென்றால் அதைத் தன் மடியில் வைத்துக் கழுவியிருப்பாள்.

"தொட்டனீரோ?" என்று மட்டும் கேட்டேன்.

விளக்குத் திரியைச் சரிசெய்தபடி அவள் சொன்னாள்: "துவக்குக்கு முன்னாலை கையெடுத்துக் கும்பிட்டு நிண்டது எனக்குப் புதிசில்லை. பயப்பிடாமல் கும்பிட்டது இதுதான் முதல்தரம்."

முடித்துவிட்டுக் கொண்டுபோகச் சொன்ன மனிசி, அந்தப் புள்ளி அழியாமல் வேலை முடியாது என்று இப்போது அவளாகவே கடைக்காரரிடம் போனில் சொல்லிவிட்டாள். நானும் அந்தப் புள்ளியின் பக்கம் போவதில்லை.