அழிச்சு நோக்கு

கணினித் திரையின் வலது மூலையில் அந்த மஞ்சள் கட்டம் வந்து வந்து போனது. செருகிய சாதனத்தை அடையாளம் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லும். யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினால், பிடுங்கும்போது ஒரு சத்தம், செருகும்போது ஒரு சத்தம், பிறகு அதே மஞ்சள் கட்டம். சனிக்கிழமை காலையில் சாயா குடித்த கையோடு உட்கார்ந்தவன், பத்து மணிக்குள் அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. திங்கட்கிழமை எனக்கு செய்முறைத் தேர்வு.

என்ன தேர்வு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் இடக்கொச்சியில் ஒரு ஐஸ் பிளான்டில் ஆபரேட்டராக இருந்தேன். வேலை முடிந்து, கையில் அமோனியா வாடை போகாமலே, மாலை நேர டிப்ளமோ வகுப்பில் போய் உட்காருவேன். எலக்ட்ரானிக்ஸ். நாலு வருடத்தில் முடிக்க வேண்டியதை ஆறு வருடமாக இழுத்துக்கொண்டு கிடந்தேன். தாள்களையெல்லாம் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டேன். புராஜெக்ட் ஒன்றுதான் பாக்கி. அதில் இரண்டு தடவை தோற்றாயிற்று. எங்கள் பாடத்திட்டத்தை அந்த வருடத்தோடு எடுத்துவிடுகிறார்கள், இதுவே கடைசி வாய்ப்பு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். இதிலும் போனால் ஆறு வருடமும் செல்லாது. முப்பத்தாறு வயதில் மறுபடி முதல் வருடத்தில் போய் உட்கார எனக்குத் தெம்பு இல்லை. அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்த வீட்டிலிருந்து வந்தவன் நான். ஒரு சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று மட்டாஞ்சேரி வீட்டுச் சுவரில் ஆணிகூட அடித்து வைத்திருந்தேன். அவ்வளவு ஆசை.

புராஜெக்ட் பெரிய சமாச்சாரம் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. பிளான்டில் ஐஸ் உறையும் உப்புநீர்த் தொட்டியின் குளிரை அது அளக்கும். சின்னத் திரையில் காட்டும். குளிர் குறைந்தால் மணி அடிக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை கணக்கைக் கணினிக்கு அனுப்பும். போன தடவை எல்லாம் ஓடியது. ஆனால் தேர்வுக்கு வந்தவர், மேஜை முழுக்க வயராகப் பரத்தி வைத்திருக்கிறீர்களே, இது ஒரு கருவியா என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விட்டார். அதனால் இந்தத் தடவை ஒரு தகரப் பெட்டி வாங்கி, ஓட்டை போட்டு, போர்டை நாலு ஸ்க்ரூ வைத்து இறுக்கி, வெளியே பெயின்டும் அடித்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. திரை எரிந்தது, மணி அடித்தது. கணினிக்கு மட்டும் அது யார் என்றே தெரியவில்லை.

கணினியில் இருந்த எல்லா யுஎஸ்பி துளையிலும் செருகிப் பார்த்தேன். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். கணினியை அணைத்து அணைத்துப் போட்டேன். மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில், கேபிள்தான் பழுது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சட்டையை மாட்டினேன். கிளம்பும் முன்பு, தெருமுனையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த சேட்டனுக்கு போன் செய்தேன். படிப்பு குறைவு, ஆனால் சர்க்யூட்டை மோந்து பார்த்தே பழுது சொல்கிற ஆள். அவர் எங்கேயோ ஒரு வீட்டில் வேலையாக இருந்தார். அவர் மனைவியிடம், பெட்டியில் போட்டதிலிருந்து கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை, வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, தோப்பும்படி வழியாக பஸ் பிடித்து எர்ணாகுளம் போனேன். கையில் செல்போன் கிடையாது அப்போது.

ஒரு கேபிளுக்காகப் பாதி நாள் போனது. முதல் கடையில் இல்லை, இரண்டாவது கடையில் பிரின்டர் கேபிளைக் காட்டினான், மூன்றாவதில் கிடைத்தது. திரும்பி வரும்போது பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. வெக்கையில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் புதுக் கேபிளைச் செருகினேன். மஞ்சள் கட்டம். அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டேன்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தேனிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தபோது மலையாளத்தில் ஒரு சொல் தெரியாது. நானோ மலையாள மீடியத்தில் படித்தவன். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், இரண்டிலும் பெரிய புலி என்று நினைப்பு. வந்த முதல் மாதம் பக்கத்து வீட்டுச் சேச்சி கொடிக்கயிற்றைக் காட்டி, “மோளே, ஆ கயறு ஒந்நு அழிச்சே” என்று சொல்லியிருக்கிறாள். கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறாள் அந்த அம்மாள். இவளோ, கயிற்றை எதற்கு அழிக்க வேண்டும், எதைக் கொண்டு அழிப்பது என்று பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மலையாளத்தில் அழிக்கிறது என்றால் அவிழ்க்கிறது, கழற்றுகிறது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்ததோடு விட்டேனா? அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவளும் கூடச் சிரிப்பாள், ஒரு ஓரமாக நின்று. அதற்குப் பிறகு யார் எது சொன்னாலும் அர்த்தம் சேர்க்காமல், கேட்ட சொல்லை அப்படியே என்னிடம் ஒப்பிக்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

அன்றும் அப்படித்தான் ஒப்பித்தாள்.

“டிவிக்கடைக்காரரு போன் பண்ணாருங்க. ‘அது அழிச்சு நோக்கான் பற’ன்னாரு. இதே வார்த்தைதாங்க. வேற ஒண்ணும் சொல்லல, வச்சுட்டாரு.”

நோக்கான் பற என்றால் பார்க்கச் சொல் என்று அர்த்தம். அவள் சொல்லிவிட்டு மேஜைமேல் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்தாள். தையல் மெஷின் டிராயரிலிருந்து எடுத்து, தயாராகக் கையில் வைத்திருந்திருக்கிறாள்.

நான் அதைப் பார்க்கவே இல்லை. என் மூளை வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. அந்த போர்டின் ஓரத்தில் ‘எரேஸ்’ என்று அச்சடித்து இரண்டு ஊசிகள் இருக்கும். இரண்டையும் ஒரு சின்ன மூடியால் இணைத்துக் கரண்ட் கொடுத்தால், சிப்புக்குள் நாம் எழுதி வைத்த புரோகிராம் மொத்தமும் போய்விடும். பழைய புரோகிராம் மக்கர் செய்தால் கணினிக்கு போர்டு அடையாளம் தெரியாது, அப்போது அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அழி. சரியாகப் பொருந்தியது.

“எரேஸ் பண்ணச் சொல்றான்,” என்றேன்.

“கயித்த அழின்னா அவுக்குறதுன்னு நீங்கதான சொன்னீங்க?” என்றாள். “அப்ப இதும் கழட்டிப் பாக்கச் சொல்றாரோ என்னமோ. பொட்டியில போடுறதுக்கு முன்னாடி நல்லாத்தான இருந்துச்சு?”

“நீ தமிழ்க்காரின்னு அவனுக்கு அறியாம்லே? அதான் ஒங்கிட்ட தமிழ்ல பறஞ்சிருக்கான். ஒனக்கு மலையாளமும் தெரியாது, இந்த வேலையும் தெரியாது. வெறுதே நின்னு மண்டைய உடைக்காதே. போயி ஒரு சாயா போடு.”

அவள் உள்ளே போனாள். ஸ்க்ரூடிரைவர் கேபிளுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதைத் தள்ளி வைத்தேன். சேட்டனைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எழுந்து நிற்கவே அலுப்பாக இருந்தது என்பது பாதி உண்மை. அவளுக்கு எதிரில் கேட்பது கௌரவக் குறைச்சல் என்பது மீதி.

பெட்டியைத் திறந்து ஊசிகளை இணைத்தேன். கரண்ட் கொடுத்தேன். சின்னத் திரை அணைந்தது. மூடியை எடுத்துவிட்டுக் கேபிளைச் செருகினேன். மஞ்சள் கட்டம் வந்தது.

சாயா மேஜைமேல் ஆறிக்கொண்டிருந்தது. ஐந்து மணி வாக்கில் போன் அடித்தது. சேட்டன்.

“எந்தாயி? அழிச்சோ?”

“அழிச்சு சேட்டா.”

“எந்நிட்டு?” பிறகு என்ன ஆச்சு என்கிறார்.

“ஒந்நும் ஆயில்லா.”

யோசிக்கிறார். பிறகு கேட்டார்:

“நாலு ஸ்க்ரூவும் அழிச்சோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதினதை அழிப்பதற்கு மலையாளத்தில் ‘மாய்க்குக’ என்பார்கள். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை கரும்பலகையை மாய்ச்ச கை இது. எந்த மலையாளியும் அதற்கு அழிச்சு என்று சொல்லமாட்டான். தமிழ்ப் பெண்ணுக்காகச் சேட்டன் தமிழ் பேசினார் என்று நானாக ஒரு கதை கட்டி, அந்தக் கதையை நம்பியும்விட்டேன். “ஹலோ, ஹலோ” என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

தள்ளி வைத்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். போர்டைத் தூக்கிப் பார்த்தால், யுஎஸ்பி சாக்கெட்டுக்கு அடியில் இருந்த ஈயப் பற்று ஒன்றில் ஸ்க்ரூவின் வாஷர் உரசி உரசிப் பளபளவென்று ஒரு தடம். வாஷர் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் பழுது. மேஜையில் ஒரு நியூஸ்பேப்பரை விரித்து, போர்டை அதன்மேல் வைத்துக் கேபிளைச் செருகினேன். ஒரே ஒரு சத்தம். மஞ்சள் கட்டம் வரவில்லை. கணினிக்கு போர்டை நன்றாக அடையாளம் தெரிந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத போர்டை.

பதறவில்லை நான். புரோகிராம் ஒரு சிடியில் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்பு கணினியில் வைரஸ் வந்து எல்லாவற்றையும் துடைத்தது; நல்லவேளை, அதற்கு முன்னாலேயே சிடியில் எழுதி பீரோவில் வைத்திருந்தேன், கணினியில் திரும்ப ஏற்றவில்லை. எடுத்தேன். பின்பக்கம் முழுக்கப் பூசணம் பூத்து, வெள்ளை நரம்பு ஓடியிருந்தது. நாலு மாத மழையில் பீரோவுக்குள் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் பூசணம் பிடிக்கிற ஊரில் சிடி மட்டும் தப்பிக்குமா? சோப்புப் போட்டுக் கழுவினேன். துணியால் ஒற்றினேன். டிரைவ் அதைச் சுற்றிச் சுற்றி முனகிவிட்டு வெளியே துப்பியது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். ஆறு மாதமாகத் துளித்துளியாக எழுதியது ஒரே நாளில் எங்கே வரும்? திரையில் எழுத்து வந்தது. குளிரை அளக்கிற இடத்தில் தப்புத் தப்பாக எண் வந்தது. அதைப் பிடித்தால் மணி விடாமல் அடித்தது. சாயங்காலம் கண் எரிந்து, எதை மாற்றினேன், எதை விட்டேன் என்றே தெரியாமல் போனது. அவள் சோறு கொண்டுவந்து வைத்தாள், தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஸ்க்ரூடிரைவர் மறுபடி தையல் மெஷின் டிராயருக்குப் போய்விட்டது. சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

திங்கட்கிழமை எர்ணாகுளம் காலேஜில் தேர்வுக்கு வந்தவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயின்ட் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, “இதெந்தா ஓடாத்தது?” என்றார்.

“சிப் கேடாயி சார்,” என்றேன்.

பாவம் என்கிற மாதிரி தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார். தோற்றேன் என்பதை அவர் பேனா நகர்ந்த விதத்திலேயே தெரிந்துகொண்டேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். என் அக்கா வந்திருந்தாள் போல. வாசலில் அவள் செருப்பு கிடந்தது. என்ன கேட்கப் போகிறாளோ என்று படியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே என் மனைவியின் குரல் கேட்டது.

“அந்த சிப்பே கெட்டுப்போச்சு மதினி. கடையில வாங்கையிலயே கோளாறு போல. இவரு என்ன செய்வாரு பாவம், ரெண்டு நாளா தூங்கக்கூட இல்ல.”

நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நான் எர்ணாகுளத்தில் ஒரு அந்நியரிடம் என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை, அவளும் எனக்காக இங்கே சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே போய், இல்லை அக்கா, இவள் சொன்னதை நான் கேட்கவில்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். “ஆமா, சிப்பு போச்சு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

டிப்ளமோ அதோடு முடிந்தது. மறுபடி சேரவில்லை. ஆபரேட்டராகவே இருந்துவிட்டேன். சுவரில் அந்த ஆணியில் காலண்டர் தொங்குகிறது. கயிறு கதையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கவனித்திருப்பாள். கேட்டதில்லை.

இதை மலையாளத்தில் எழுதியிருந்தால் எனக்குச் சுலபம். தமிழ் எழுத்து எனக்கு அவள் வாங்கும் வாரப்பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து, வயதான பிறகு வந்தது. இப்போதும் லகர ளகரம் தடுமாறும். மலையாளம் பேச அவள் நன்றாகவே கற்றுக்கொண்டாள், ஆனால் படிக்கத் தெரியாது. அதனால்தான் இத்தனை சிரமப்பட்டுத் தமிழில் எழுதினேன். எழுதி முடித்ததும் பிழை பார்க்கச் சொல்லி அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து, வரி வரியாகப் படிப்பாள். கடைசி வரிக்கு அவள் வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன், பஜார் பக்கம் போய்விடுவேன். நீ சொன்னதுதான் சரி, கழற்றத்தான் சொன்னார்.