பதினாறு எழுத்துக்குள் ஒரு பெயர்

வாரம் மூன்று நாள் என் மனைவியைக் கோலசிலாங்கூரில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன். நன்கொடையில் நடக்கும் இடம். காலையில் அச்சாகும் அட்டவணைகூட ஒருவர் சும்மா எழுதிக் கொடுத்ததுதான். அவர் புக்கிட் பெருந்துங்கிலிருந்து சனிக்கிழமைகளில் வரும் பொறியாளர், நாற்பதை நெருங்குகிறவர். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் அன்றைய நோயாளிகளின் பெயர், உலர் எடை, நேரம் மூன்றும் பத்தி பத்தியாக வரும். உலர் எடை என்பது சேர்ந்த நீரையெல்லாம் எடுத்த பிறகு உடம்பில் மிஞ்ச வேண்டிய எடை. அதைப் பார்த்துத்தான் தாதி இயந்திரத்தில் எண்ணைத் தட்டுவார்.

நம்மவர் பெயர்கள் நீளம். பெயர், பிறகு மலாயில் மகள் என்பதற்கு ஏ/பி, அதன்பின் அப்பா பெயர். நீளப் பெயர் வந்த வரியில் எடை தள்ளிப் போய் நேரத்தின் கீழ் நின்றது. கோணலாக இருக்கிறது என்று தாதிகள் குறைப்பட்டார்கள். பொறியாளர் சரிசெய்தார். எப்படி? பதினாறு எழுத்தைத் தாண்டும் பெயரை வெட்டிவிட்டார்! பத்திகள் தோட்டத்து ரப்பர் மர நிரை போல நேராக நின்றன. எல்லாரும் பாராட்டினார்கள்.

சுங்கை புரோங்கிலிருந்து என் மனைவியின் பெயரிலேயே இன்னொரு பெண் வருகிறார். வெட்டியதில் இருவருடைய அப்பா பெயரும் போயிற்று, ஏ/பி மட்டும் மிஞ்சியது. யாருக்கு மகள் என்றில்லாமல் இருவரும் வெறும் மகள்களாக அடுத்தடுத்த வரியில் நின்றார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐம்பத்து நான்கு கிலோ, என் மனைவிக்கு ஐம்பத்தாறு. தாதி மேல் வரியைப் படித்து, என் மனைவியின் இயந்திரத்தில் ஐம்பத்து நான்கைத் தட்டினார்; இரண்டு கிலோ நீர் கூடுதலாகப் போக வேண்டியதாயிற்று. கோப்பைப் புரட்ட அவருக்கு நேரமில்லையாம்.

முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது என் மனைவிக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. இரத்த அழுத்தம் சரிந்து கண் செருகியது. இயந்திரத்தை நிறுத்தி, உப்புநீர் ஏற்றி மீட்டார்கள்.

சனிக்கிழமை அந்தத் தாளைப் பொறியாளர் முன்னால் போட்டேன்.

"அது டிஸ்ப்ளே மட்டும்தான் லா, அங்கிள். உள்ள டேட்டா எல்லாம் கரெக்டா இருக்கு."

"என் பொண்டாட்டி உள்ளயா படுத்திருந்தா? தாதி கையில இருந்தது இந்தத் தாள்தானே?"

"முழுப் பேரும் போட்டா திரும்பக் கோணலாயிரும்."

"ஆகாது. எழுந்திருங்க."

ஓய்வு பெறும்வரை நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருந்தவன். நிரலில் 16 என்று அடித்து வைத்திருந்தார். ஏன் பதினாறு என்று கேட்டேன்.

"பார்க்க அளவா இருந்துச்சு, அங்கிள்."

எண்ணிப் பார்க்காமலே அளவு! அந்த எண்ணை அழித்தேன். முதலில் அன்றைய பெயர்கள் எல்லாவற்றையும் எண்ணி, மிக நீளமான பெயருக்கு எத்தனை எழுத்தோ அத்தனை அகலம் பத்திக்குக் கிடைக்கும்படி எழுதினேன். முப்பத்து நான்கு வந்தது. சின்னப் பெயர்களுக்குப் பின்னால் வெற்றிடம் நிரம்பியது, எடைகள் நேராக இறங்கின. நான்கு வரி வேலை. அதற்குச் சோம்பிப் பெண்களின் அப்பாக்களை வெட்டியிருக்கிறார்.

"தாளைப் படுக்க வச்சு அடிக்கணுமே, அங்கிள்."

"அடிங்க. ஆளப் படுக்க வைக்காம இருந்தா சரி."

அடுத்த முறை தாதி ஊசியோடு வந்து பெயரை மட்டும் சொன்னார். என் மனைவி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"முழுசா படிங்க, மிஸ்ஸி. எடையும் சேர்த்து."

தாதி என்னைப் பார்த்தார். நான் தாளைக் காட்டினேன். அவர் அதை எடுத்து அப்பா பெயரையும் ஐம்பத்தாறையும் படித்த பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.