கறி சமைப்பவர்களின் வட்டம்

பூனைகளை வைத்துப் பிழைப்பவள் நான். எல்லாப் பூனைகளும் விலங்குகள், எல்லா விலங்குகளும் ஒரு நாள் சாகும், ஆகவே எல்லாப் பூனைகளும் ஒரு நாள் சாகும். இப்படி மூன்று வரி எழுதி, கீழே மூன்று வட்டம் வரைந்து, "இந்த வாதம் செல்லுமா, செல்லாதா?" என்று கேட்பதுதான் என் தொழில். கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சிப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகம் இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறது. பூனை வட்டத்தை விலங்கு வட்டத்துக்குள் போடு, விலங்கு வட்டத்தைச் சாகிறவற்றின் வட்டத்துக்குள் போடு. உள்ளே இருப்பது வெளியே நழுவ வழியில்லை என்றால் வாதம் செல்லும். ஒரு சந்து கிடைத்தால்கூடச் செல்லாது. பதினெட்டு வருஷமாக இதையே செய்வதால், உலகத்தில் யார் உளறினாலும் ஒரு பென்சிலை வைத்தே வாயை அடைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

அந்தத் திமிருக்கு வேலை வந்தது என் கணவருடைய முழங்காலால். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தினமும் நடக்க வேண்டும், இப்போது நடக்காவிட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். எங்கே நடப்பது என்று சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸில் கடைகளுக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் வாடகை வீடு. லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து, அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். மற்ற நாட்களில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற ரயிலை எண்ணுவார். ஆறு வாரத்தில் அவர் தரையில் நடந்தது மொத்தமாக ஆஸ்பத்திரித் தாழ்வாரம்தான்.

எங்களுக்குச் சொந்த வீடே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கிள்ளானில் ஒரு சின்ன ஃபிளாட் இருக்கிறது. நாலாவது மாடி, அங்கேயும் லிஃப்ட் இல்லை. என்ன ராசியோ! அதை வாடகைக்கு விடச் சொல்லி அங்கே ஒரு ஏஜெண்ட் அங்கிளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகச் சுபாங் ஜெயாவில் படியில்லாத வீடாகப் பார்த்து நான் தேடத் தொடங்கினேன்.

கிடைத்தது. தரைவீடு, எதிரே பூங்கா, சுற்றி நடக்கப் பாதை. போட்டோவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மாசமாக இல்லாத சிரிப்பு வந்தது. உடனே ஏஜெண்டுக்குப் போன் போட்டேன்.

"வீடு இருக்கு அக்கா. படி ஒண்ணுகூட இல்ல. ஒண்ணு கேக்கணும், கோச்சுக்காதீங்க. நீங்க இந்தியனா?"

"ஏன் தம்பி, ரெண்டு நிமிஷமா உங்கிட்ட என்ன பாஷையில பேசிக்கிட்டு இருக்கேன்?"

"தெரியுது லா அக்கா. ஓனர் கேக்கச் சொல்லியிருக்காரு. இந்தியன் வேணாங்கிறாரு."

"அப்ப நீ யாருப்பா?"

"நானும்தான் அக்கா. என்ன பண்றது, சூசா லா, கஷ்டம்தான்." அவன் குரல் இறங்கியது. "இந்தியன்னா எல்லாருமே வீட்ல கறி சமைப்பாங்களாம். கறி சமைச்சா செவுத்துல வாசம் ஏறி வீடே கெட்டுப் போயிருமாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "உங்க ஓனருக்கு நான் பாடம் எடுக்குறேன், இரு" என்று போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்தேன். எவ்வளவு பெரிய ஓட்டை வாதம், இரண்டு நிமிஷத்தில் கிழித்துத் தோரணம் கட்டிவிடலாம் என்று நினைப்பு. இந்தியர்கள் ஒரு வட்டம். எல்லாரும் கறி சமைப்பவர்கள் என்கிறார், ஆகவே அதைச் சுற்றி ஒரு வட்டம். கறி சமைப்பவர்கள் எல்லாரும் வீட்டைக் கெடுப்பவர்கள் என்கிறார், அதையும் சுற்றி இன்னொரு வட்டம். சந்து எங்கே என்று தேடினேன். இல்லை. இந்தியர்கள் நட்டநடுவில் கச்சிதமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், என் பூனைகளைப் போலவே.

"என்னம்மா, ஓனர் தோத்துட்டாரா?" என்று ஜன்னலோரத்திலிருந்து கேட்டார் அவர்.

"வாதம் செல்லுதுங்க."

"அப்ப அவரு சொல்றது உண்மையா?"

"செல்லுது. ஆனா உண்மையில்ல."

"நல்ல கூத்தா இருக்கே! இதுக்காம்மா உனக்குப் பதினெட்டு வருஷமா சம்பளம் தர்றாங்க?"

அவரிடம் என்னத்தைச் சொல்ல! வட்டங்களுக்கு உண்மை பொய் தெரியாது. சொன்னதை வைத்துக்கொண்டால் முடிவு வருகிறதா என்று மட்டும்தான் அவை பார்க்கும். 'எல்லாரும்' என்று ஒருத்தர் கூசாமல் எழுதிவிட்டால் அதற்கு ஏற்றபடி ஒழுங்காக வரைந்து கொடுத்துவிடும். ஆகவே நான் அந்த 'எல்லாரும்' மேல் கை வைத்தேன். சில இந்தியர்கள் வீட்டைக் கெடுப்பவர்கள் என்று மாற்றி எழுதி, இந்தியர் வட்டத்தையும் கெடுப்பவர் வட்டத்தையும் பாதி ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தேன். இப்போது வீடு கேட்கும் இந்தப் பெண்மணிக்கு இந்தியர் வட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. அதைக் கெடுப்பவர் பக்கம் போடுவதா, இந்தப் பக்கம் போடுவதா? தெரியாது. தெரியாவிட்டால் கோட்டின் மேலேயே போட வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. ஆகவே அவள் வீட்டைக் கெடுப்பாள் என்ற முடிவு வராது. அடிக்கோடு போட்டு, போட்டோ எடுத்து, விளக்கவுரையோடு ஏஜெண்டுக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். "அக்கா செம்ம. ஓனர் நோ." கொஞ்சம் கழித்துப் பரிதாபப்பட்டு இன்னொன்று: "அடுத்த வீட்டுக்குக் கேக்கறப்ப, அதிகமா சமைக்க மாட்டோம், தாப்பாவ்தான்னு முதல்லயே சொல்லிருங்க அக்கா. அப்ப சில ஓனர் ஓகே."

கடையில் பொட்டலம் கட்டி வாங்கித் தின்பவள் என்று என்னை நானே சொல்லிக்கொள்ள வேண்டுமாம்! உன் யோசனையை உடைப்பில் போடு என்று எழுதி அனுப்பினேன். அடுத்த இரண்டு வாரத்தில் ஐந்து வீடுகள். ஐந்து ஏஜெண்டுகளும் முதலில் கேட்டது அதே கேள்வி.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் கிள்ளான் அங்கிள் கூப்பிட்டார். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"உங்க வீட்டை ஒரு குடும்பம் பாத்தாங்கம்மா. ரொம்பப் புடிச்சுப் போச்சு. நான் இல்லேன்னுட்டேன்."

"ஏன் அங்கிள்?"

"நம்ம ஆளுங்கம்மா. நம்ம ஆளுங்க வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். முன்பு இருந்த தமிழ்க் குடும்பம் சமையலறைக் கூரையைக் கரியாக்கி, கதவை உடைத்துவிட்டுப் போனதிலிருந்து, ரொம்ப நியாயமாக, ரொம்ப அனுபவபூர்வமாகச் சொல்லியிருந்தேன். ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு 'எல்லாரும்' என்று வட்டம் போட்டவள் நான். ஒரு தேர்வு மாணவன் அப்படி எழுதினால் சிவப்பு மையில் கோடு கிழிப்பேன்.

போனை வைத்ததும் ஜன்னலோரத்திலிருந்து அவர் கையை நீட்டினார். "அந்தப் பென்சிலைக் குடு." என் சுபாங் ஜெயா காகிதத்தைத் திருப்பி, கோணல்மாணலாக ஒரே ஒரு வட்டம் போட்டார். உள்ளே இரண்டு புள்ளி வைத்தார். "இது அந்த ஓனர். இது நீ." அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனைக்கும் அந்த வட்டம் வட்டமாகக்கூட இல்லை.

அங்கிளைத் திரும்பக் கூப்பிட்டு, அந்தக் குடும்பத்துக்கே வீட்டைக் கொடுக்கச் சொன்னேன்.

"நெசமாவா? நல்ல ஜனங்கம்மா. பெரியவருக்குத்தான் பக்கவாதம், நடக்க மாட்டாரு. நாலு மாடி, லிஃப்ட் இல்ல, எதுக்கு இந்த வீடுன்னு நானே கேட்டேன். வேற எவனும் தரலைங்க, தூக்கிட்டு ஏறிக்குவோம்னாங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை அவர்கள் குடிவந்தார்கள்; பார்க்க நானே போனேன். கிளம்புவதற்கு முன்னால், கால் நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டே போகிறதே என்ற பயத்தில், பூச்சோங்கில் ஒரு தரைவீட்டு ஏஜெண்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். மானம் ரோஷம் எல்லாம் மூன்றாவது மாடிக்கு மேலே ஏறிப்போயிருந்தது. அனுப்பிவிட்டுத்தான் ரயிலேறினேன்.

கிள்ளானில் நான் போய் நின்றபோது இரண்டு மகன்கள் அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இரண்டாவது மாடித் திருப்பத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டார். அவர்களுக்குப் பின்னாலேயே, அவர்கள் வேகத்துக்கு, நானும் ஏறினேன்.

மேலே அந்த வீட்டு அம்மா சமையலறையில் நின்றிருந்தாள். நான் வெள்ளையடித்துவிட்ட கூரையை அண்ணாந்து பார்த்தவள், என்னைக் கண்டதும் மசாலா டப்பாக்கள் இருந்த கூடையை மெல்லக் காலால் சுவரோரம் தள்ளினாள்.

"பயப்படாதீங்க அக்கா. நாங்க அதிகமா சமைக்க மாட்டோம். தாப்பாவ்தான்."

காலையில் பூச்சோங்குக்கு நான் அனுப்பியதும் இதே இரண்டு வரிதான். குனிந்து அந்தக் கூடையைத் தூக்கி அடுப்பு மேடை மேல் வைத்தேன். "நல்லா சமைங்கம்மா" என்றேன். அவள் நம்பவில்லை.